கடைமடையிலிருந்து கடல்மட்டத்துக்குக் கீழே

கடந்த குளிர்காலத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் டிம் மார்ஷலின் ‘பிரிசனர்ஸ் ஆஃப் ஜியாக்ரஃபி’ நூலை எடுத்துக்கொண்டோம். நெதர்லாந்தில் அங்குமிங்குமாகச் சிதறி வாழும் தமிழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அன்று பேச்சு சூடாக நடந்தது. நடுவில் நண்பர் ஒருவர் சொன்னார்: “இதைத்தான் தொல்காப்பியர் எப்பவோ சொல்லிட்டாரே. நிலம்தான் மனுசனைத் தீர்மானிக்குது. அதுதானே திணை?” எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வீடு திரும்பும் ரயிலில் அந்தத் தலையாட்டல் உறுத்த ஆரம்பித்தது. மார்ஷல் சொல்வதும் தொல்காப்பியம் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இப்போது நம் விமர்சனத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்ஷலின் நூல் 2015இல் வந்தது. பத்து வரைபடங்களை முன்வைத்து உலக அரசியலை விளக்க முயல்கிறது. ரஷ்யாவின் மேற்கே மலைகளற்ற பெரும் சமவெளி கிடக்கிறது. அதனால் படையெடுப்பு பற்றிய நிரந்தர அச்சம். அதனால் எல்லையை விரித்துக்கொண்டே போகும் இயல்பு. ஆப்பிரிக்காவின் ஆறுகள் அருவிகளால் துண்டுபட்டவை, இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அதனால் வணிகம் வளரவில்லை. இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் மலையையும் ஆற்றையும் காட்டி ஒரு விதியை எழுதுகிறார். நடை விறுவிறுப்பானது. வரைபடத்தைப் பார்த்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டது போன்ற நிறைவு வருகிறது. அந்த நிறைவைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ரஷ்யாவைப் பேரரசாக்கியதாகச் சொல்லப்படும் அதே சமவெளியில்தான் போலந்தும் இருக்கிறது. 1795இல் அண்டை வல்லரசுகள் அதை முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை அப்படியொரு நாடே வரைபடத்தில் இல்லை. ஒரே சமவெளி ஒருவருக்குப் பேரரசையும் இன்னொருவருக்கு மறைவையும் தந்திருக்கிறது என்றால், விளக்கம் சமவெளியில் மட்டும் இருக்க முடியாது.

மார்ஷலின் பத்து அத்தியாயங்களில் நெதர்லாந்துக்குத் தனி இடமில்லை. ஆனால் அவருடைய வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடையாது என்றுதான் இங்கே வந்த புதிதில் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். தாழ்ந்த நிலம், மேலே கடல். நீரோடு போராட ஒன்றுசேர்ந்தே ஆகவேண்டிய மக்கள். அதனால் ஒத்துழைப்பும் கணக்கும் பொறுமையும் அவர்கள் குணமாயின. இந்தக் கதை அலுவலகக் கூட்டங்களிலிருந்து சுற்றுலாக் கையேடுகள்வரை ஒலிக்கிறது. கருத்தொருமிப்பால் ஆளும் இங்குள்ள அரசியல் பாணிக்கே ‘போல்டர் மாடல்’ என்று பெயர். போல்டர் என்றால் கரை கட்டி நீரை இறைத்து உலர்த்திய நிலம்.

ஆனால் இந்த நிலம் தாழ்ந்தே பிறந்ததா? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹாலந்தின் பெரும்பகுதி பீட் மண்ணாலான மேடு. பீட் என்பது நீருக்குள் பாதி மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண். நீரைக் குடித்த பஞ்சு போலிருக்கும். அன்று அது கடல்மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. குடியேறியவர்கள் தானியம் விதைப்பதற்காக வடிகால் வெட்டினார்கள். நீர் வடிந்தது, மண்ணுக்குள் காற்று புகுந்தது, மட்காமல் கிடந்தது மட்கத் தொடங்கியது. நிலம் சுருங்கி இறங்கியது. இறங்கிய நிலத்தில் மறுபடி நீர் தேங்கியது. வடிகாலை இன்னும் ஆழமாக்கினார்கள். நிலம் இன்னும் இறங்கியது. இப்படிச் சில நூற்றாண்டுகளில் தானியம் விளையாத அளவுக்கு ஈரமாகிவிட்டது. புல் மட்டும் வளர்ந்தது. மாடு வந்தது, வெண்ணெயும் சீஸும் வந்தன. உணவுத் தானியம் பால்டிக் கடல் வழியாகக் கப்பலில் வந்தது. பயிர்த் தொழில் கைவிட்டுப்போனவர்கள் கப்பலுக்கும் நகரத்துக்கும் போனார்கள். நாம் டச்சுப் பண்பாடு என்று அடையாளம் காணும் பலவும், சீஸிலிருந்து கப்பல்வரை, இந்தச் சரிவின் பின்விளைவுகளோடு தொடர்புடையவை. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பரவிய நீரிறைக்கும் காற்றாலையும் அப்படித்தான். தாமே தாழ்த்திக்கொண்ட நிலத்திலிருந்து நீரை மேலே ஏற்ற அது தேவைப்பட்டது.

இது மட்டுமல்ல. எரிபொருளுக்காக பீட்டை வெட்டி வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழிகள் ஏரிகளாயின. ஏரிகள் புயலில் கரையைத் தின்று பெருகின. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஹார்லெமர்மேர் என்ற ஏரி அப்படிப் பெருத்து நகரங்களையே அச்சுறுத்தியது; ‘நீர் ஓநாய்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1849 முதல் 1852 வரை நீராவி எந்திரங்களை வைத்து அதை இறைத்து முடித்தார்கள். இன்று ஸ்கிபோல் விமான நிலையம் இருப்பது அந்த ஏரியின் தரையில். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் விமானம் தரையிறங்கியதும் “கடல்மட்டத்துக்குக் கீழே நிற்கிறோம்” என்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்கு இயற்கையும் காரணம், வரலாறும் காரணம்.

இந்தக் கதையின் கவர்ச்சி நிபுணர்களையும் விடவில்லை. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கை நெதர்லாந்தின் 55 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாகச் சொன்னது. பிறகு திருத்தினார்கள்: கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது 26 விழுக்காடு, மற்றொரு 29 விழுக்காடு ஆற்று வெள்ளத்துக்கு ஆளாகக்கூடியது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். பழைய மென்பொருள் ஒன்றைச் சீர்செய்யப் போகும்போது அங்கே வேலை செய்பவர்கள், “சிஸ்டம் அப்படித்தான், மாத்த முடியாது” என்பார்கள். உள்ளே தோண்டிப் பார்த்தால், இருபது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் ஏதோ ஓர் அவசரத்துக்காக எழுதிய நான்கு வரி இருக்கும். எழுதியவர் போய்விட்டார், காரணம் மறந்துவிட்டது, வரி மட்டும் இயற்கை விதி போல நிற்கிறது. நிலவியல் என்று நாம் சொல்வதில் கணிசமான பகுதி இப்படி மறந்துபோன முடிவுகள்தான். மண்ணும் நீரும் தம் எல்லைகளை வைத்திருப்பது உண்மை. பீட் மண்ணை வடித்தால் அது இறங்கும். இறங்காதே என்று யாராலும் சட்டம் போட முடியாது. ஆனால் வடிப்பது என்பது ஒரு முடிவு.

இந்த விஷயத்தில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபெர்னாண்ட் பிரோடெல் மார்ஷலைவிடக் கவனமானவர். 1949இல் வந்த மத்தியதரைக்கடல் பற்றிய அவருடைய பெருநூல், நிலத்தின் மெதுவான காலம், சமூகத்தின் காலம், சம்பவங்களின் வேகமான காலம் என்று மூன்று காலங்களைப் பிரித்துப் பார்க்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் கைதியாக முகாமில் இருந்தபோது அதன் பெரும்பகுதியை எழுதினார். சம்பவங்களை அவர் சிறுமைப்படுத்திவிட்டார் என்ற குறை உண்டு. ஆனால் அவரும் நிலத்தை ஒரு காலமாகவே, அதாவது மெதுவாக நகரும் ஒன்றாகவே பார்த்தார். மார்ஷலின் வரைபடத்தில் நிலம் நகர்வதே இல்லை.

நான் பிறந்ததும் ஒரு டெல்டாவில்தான். வேளாங்கண்ணிக்கு மேற்கே, வெள்ளையாற்றுப் பக்கம், காவிரியின் கடைமடை. டெல்ஃப்டில் முதுகலை படிக்க 2003இல் வந்தபோது, ஒரு டெல்டாவிலிருந்து இன்னொரு டெல்டாவுக்கு வந்திருக்கிறேன் என்று வகுப்பில் அறிமுகப்படுத்திக்கொண்டேன். எல்லோரும் ரசித்தார்கள். பிறகு இருபது ஆண்டுகளாக அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்: நாங்களும் நீரின் மக்கள், உங்களுக்கு வாட்டர்ஸ்காப், எங்களுக்குக் குடிமராமத்து.

வாட்டர்ஸ்காப் என்பது நீர் வாரியம். ரைன்லாந்து வாரியம் 1255ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. இன்று நாட்டில் 21 வாரியங்கள். தனி வரி, தனித் தேர்தல் எல்லாம் உண்டு. குடிமராமத்து என்பது ஊரார் கூடி வாய்க்காலையும் ஏரியையும் தூர் வாரும் நம் பழைய ஏற்பாடு. ஆங்கிலேய அரசு 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றி எழுதியது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரே மாதிரி நிலம், ஒரே மாதிரி நிறுவனம் என்று நான் ஒப்பிட்டதில் நிர்ணயவாதத்தின் வாசனை இருந்தது என்பது இப்போது புரிகிறது. இரண்டிலும் யார் முடிவெடுத்தார்கள், யார் மண்ணைச் சுமந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீர் வாரியங்களில் பல நூற்றாண்டுகள் நிலம் உள்ளவருக்கே குரல் இருந்தது. குடிமராமத்தில் மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். எந்த மடை எப்போது திறக்கும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

‘நீரின் மக்கள்’ என்ற குணமும் நிலத்தோடு ஒட்டியதல்ல. டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தார்கள். 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமும் அதுதான். காவிரி டெல்டாவின் வாசலில் நூற்றிருபது வருடங்களுக்கு மேல் இருந்தவர்கள் அங்கே வந்தது துணிக்காக, கட்டியது கோட்டை. ஜாவாவில் பட்டாவியா நகரத்தை ஆம்ஸ்டர்டாம் போலவே கால்வாய்களோடு கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கால்வாய்கள் தூர்ந்து நாறின, மலேரியா பெருகியது, ஐரோப்பியரின் இடுகாடு என்று அந்நகரம் பெயரெடுத்தது. கடைசியில் நிர்வாகமே நகரைவிட்டு உள்நாட்டு மேட்டுக்குப் போனது. அதே மக்கள்தான். கால்வாய் வெட்டும் திறமை கப்பலேறிப் போனது. அதை ஊரில் பயனுள்ளதாக்கிய மற்ற எதுவும் கூடப் போகவில்லை.

இலக்கியத்துக்கு வருகிறேன். காவிரி டெல்டா தமிழுக்குத் தந்த புனைவு ஏராளம். அதைப் பேசும்போதெல்லாம் ‘மருத நில எழுத்து’ என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறோம். நீர் வளம், நெல், ஓய்வு, சங்கீதம், வெற்றிலை, தி. ஜானகிராமனை இந்தச் சட்டகத்துக்குள் வைத்து எத்தனை கட்டுரைகள் வாசித்திருக்கிறேன்! ஜானகிராமன் மீது எனக்குக் குறையாத பிரியம் உண்டு. அவருடைய காவிரி படித்துறைக் காவிரி. குளிப்பவர்களின் காவிரி. வாய்க்காலைத் தூர் வாருபவர் அந்தப் படித்துறையிலிருந்து கண்ணில் படுவது அரிது. அதை அவருடைய குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வையை நிலத்தின் இயல்பு என்று விமர்சகர்கள் சொல்லும்போது அது தவறாகிறது.

ஏனென்றால் அதே நீரில்தான் கீழ்வெண்மணியும் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வளமான நிலம் ஓய்வையும் சங்கீதத்தையும் தரும் என்றால், அந்த இரவைத் தந்ததும் அதே வளமா? 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விளைச்சலைப் பெருக்கும் பேச்சு எங்கும் இருந்தபோது, அதில் தங்கள் பங்கு என்ன என்ற கேள்வி எழுந்தது. தொழிலாளர்களுக்குச் செங்கொடிச் சங்கம் இருந்தது, நிலக்கிழார்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் சாதி இருந்தது. இவை எதுவும் வரைபடத்தில் தெரியாது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அந்த நிகழ்வைத் தமிழ்ப் புனைவுக்குக் கொண்டுவந்த முக்கியமான நாவல். சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அது வன்முறையின் வேரை நிலக்கிழார் ஒருவரின் தனிமனக் குறையில் தேடியது. அதற்கு அன்றே எதிர்ப்பு வந்தது. படித்துறை வாசிப்பு எல்லாவற்றையும் நிலத்தின் மேல் போட்டது என்றால், இது எல்லாவற்றையும் ஒருவர் மனத்தின் மேல் போட்டது. இரண்டிலும் நடுவிலுள்ளது தப்பித்துவிடுகிறது: நிலம் யாருடையது, நீர் முதலில் யாருக்கு, கூலி எவ்வளவு. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) இந்த நடுப்பகுதியில்தான் நிற்கிறது. திருவாரூர்ப் பக்கத்துக்காரர், அந்த வட்டாரப் பேச்சும் வேலையும் தெரிந்தவர். கலையழகில் அது ஜானகிராமனுக்கு அருகில் வராது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். ஆனால் என் ஊர் மண்ணில் என்ன நடந்தது என்று என் மகள் கேட்டால் நான் கொடுக்கக்கூடிய புத்தகம் அதுதான்.

இப்போது முன்பு சொன்ன சொந்தக் காரணம்.

2002இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப்படவில்லை. குறுவை போனது. கடைமடையில் சம்பாவும் தேறவில்லை. எங்களுக்கு ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். அப்பா கடனில் இருந்தார். எனக்கு டெல்ஃப்டில் இடம் கிடைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் இறால் குட்டைகள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருவர் வந்து ஐந்து வருடக் குத்தகைக்குக் கேட்டார். பணத்தை முன்னாலேயே தருவதாகச் சொன்னார். அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “நீ என்னடா சொல்றே?” என்று என்னைக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். என் முதல் வருடக் கட்டணம் அதில்தான் கட்டப்பட்டது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊர் வயல்கள் உவர் ஏறிவிட்டன என்ற செய்தி வரும்போதெல்லாம், சுனாமியால் வந்தது என்று இங்கே எல்லோரிடமும் சொன்னேன். கடலோரம் அப்படித்தான், நிலவியல் அப்படி, என்ன செய்ய முடியும்? என்னை அறியாமலேயே மார்ஷலின் மொழியில் பேசியிருக்கிறேன்.

2011இல் ஊருக்குப் போனபோது பக்கத்து வயல்காரம்மாவைப் பார்த்தேன். முன்பு எங்கள் வயலில் நடவுக்கு வந்தவர். பிறகு அரும்பாடுபட்டு இரண்டு மா சொந்தமாக வாங்கியிருந்தார். அந்த இரண்டு மாவில் இப்போது கோரை மட்டும் நின்றது. சுனாமி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “கடலு இங்க வரைக்கும் வரல தம்பி. ஒங்க குட்டைத் தண்ணிதான் வந்துச்சு” என்றார். வரப்பின் அடியில் கசிந்த இடத்தைக் கையால் காட்டினார். பிறகு, “நல்லாருக்கியளா, புள்ளைய எத்தனாவது படிக்குது?” என்று கேட்டார்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு நிர்ணயவாதம் எனக்கு வெறும் கோட்பாட்டுப் பிழையாகத் தெரியவில்லை. அது ஒரு வசதி. நிலத்தின் மேல் போட்டுவிட்டால் கையெழுத்திட்டவர் யாரும் இல்லை என்றாகிவிடுகிறது. இந்த வசதி பெரிய நாடுகளுக்கும் வேண்டியிருக்கிறது, எனக்கும் வேண்டியிருந்தது.

திணைக்குத் திரும்புகிறேன். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமல்ல. நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதல். பொழுது என்பது பருவமும் நாளின் கூறும்தான், வரலாறு அல்ல என்பது தெரியும். அதை இழுத்து நீட்ட நான் விரும்பவில்லை. ஆனால் பாலையைப் பாருங்கள். நால்வகை நிலத்தைப் பகுத்த தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று பின்னால் வந்த சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது நம் மரபின் ஐந்தில் ஒன்று நிலமாகவே தொடங்கவில்லை. நிலத்துக்கு நேர்ந்த ஒன்றாக அது இருக்கிறது. நிலம் மனிதனைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் நினைத்த மரபாக இருந்தால் இப்படி ஓர் இடத்தைத் திறந்து வைத்திருக்காது.

அதே தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது: திணைகள் தமக்குள் மயங்கலாம், ஆனால் நிலம் நிலத்தோடு மயங்குவதில்லை. இந்த இடத்தில் மரபைப் போற்றுவதோடு நிற்காமல் வாதிடவும் வேண்டும். என் ஒன்பது மாவில் மருதம் நெய்தலாகியது. ஹாலந்தில் மேடு ஏரியாகி, ஏரி விமான நிலையமாகியது. நிலம் மயங்குகிறது. நம் காலத்தின் திணை விமர்சனம் அங்கிருந்து தொடங்கலாம். எந்தப் படைப்பு எந்தத் திணை என்று பட்டியல் போடுவதற்குப் பதிலாக, இந்த நிலம் எப்போது, எவர் முடிவால், எவர் உழைப்பில் இப்படி ஆயிற்று என்று அந்தப் படைப்பு அறிந்திருக்கிறதா என்று கேட்கலாம். புலம்பெயர் எழுத்தில் பனியையும் குளிரையும் புதிய திணையாக அறிவித்து மகிழும் நமக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

நான் இப்போது இருப்பது ஹௌடாவில். கடைகளில் ‘கௌடா சீஸ்’ என்று விற்கிறதே, அந்த ஊர். பீட் மண் மேல் நிற்கும் ஊர், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வட்டாரத்தில் வாய்க்கால் நீரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பது ஓயாத வழக்கு. மட்டம் தாழ்ந்தால்தான் டிராக்டர் மேய்ச்சல் நிலத்தில் இறங்க முடியும். தாழ்ந்தால் பழைய வீடுகளைத் தாங்கும் மரத்தூண்களில் காற்றுப் பட்டு அவை உளுத்துப்போகும். பீட் மட்கிக் கரிவாயு வெளியேறும். 2015 முதல் நீர் வாரியத் தேர்தல் மாகாணத் தேர்தலோடு சேர்ந்தே நடக்கிறது. முதல் தடவை வாக்குச்சீட்டு வந்தபோது அதைப் பிரிக்காமல் போட்டுவிட்டேன். 2023இல் ஒவ்வொரு கட்சியும் நீர்மட்டம் பற்றி என்ன சொல்கிறது என்று வாசித்த பிறகே வாக்களித்தேன்.

ஊரில் குத்தகை முடிந்து குட்டை கைவிடப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. போன வருடம் கரையை உடைத்துச் சமன் செய்து, மழைநீரைத் தேக்கித் தேக்கி வடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்கள் ஒன்பது மாவோடு சேர்த்து அந்த அம்மாவின் இரண்டு மாவையும் தான். உவர் இறங்கச் சில மழைக்காலம் ஆகும் என்கிறார்கள். வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்குச் ‘செந்நெல்’ பிரதிகள் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.